அவ வெட்டினது ஒரு கொத்து முடி

கொஞ்சம் நீளமான பதிவு. ரெண்டு நாளா மனசுக்குள்ளயே கிடந்து உருளுது, எழுதிட்டாதான் தூக்கம் வரும்போல.

ரூயீஸ் ராயல் லவ் இன் தி பேலஸ்ங்கற சீன டிராமாவை 87 எபிசோடும் முடிச்சிட்டேன். வேலைக்குப் போயிட்டு வந்து, சமைச்சு, பாத்திரம் கழுவி கவுத்து வச்சிட்டு, ராத்திரி பத்தரைக்கு மேல ஒண்ணு ரெண்டுனு சப்டைட்டில் படிச்சுப் படிச்சே ரெண்டு மாசம் ஓடிருச்சு. முடிச்ச மறுநாள் சாப்பிடும்போது கூட வேலை பாக்கற பொண்ணு கேட்டா, "அக்கா, ஒருத்தனுக்காக பத்து பொம்பளைங்க விஷம் வச்சு அடிச்சுக்கறதுதானே அது, அதுக்கு நம்ம சீரியலே போதாதா"ன்னு. அவ மேல தப்பில்ல, நிறைய பேர் அப்படித்தான் நினைச்சிட்டு இருக்காங்க. ஆனா எனக்கு அந்த நேரம் பதிலே வரல, தொண்டைல ஏதோ நின்னுச்சு. அந்தப் பதில்தான் இது.

முடி வெட்டுற சீன். பார்த்தவங்களுக்குத் தெரியும். ஹாங்ஜோ நகரம், ராஜாவோட தெற்குப் பயணம், தண்ணி மேல படகு, புருஷனும் பொண்டாட்டியும் நேருக்கு நேரா நிக்கறாங்க. சின்ன வயசுல ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்த ஒரு நாடகம் இருக்கு, தோட்டத்து மதில் மேல எட்டிப் பாக்கற பொண்ணு, கீழ குதிரைல போற பையன், பார்த்ததும் மனசைக் குடுத்துடற கதை, யுவான் காலத்துப் பழைய நாடகம் அது. 87 எபிசோடும் அந்த மதிலும் குதிரையும் திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கும். அப்படி ஆரம்பிச்ச ரெண்டு பேர் கடைசில இந்தப் படகுல வந்து நிக்கறாங்க. ராணி ரூயியா வர்ற ஜோ ஷுன் அந்த இடத்துல அழுது புரண்டு நடிக்கவே இல்ல. அந்தப் பொண்ணுக்கு இயல்பாவே குரல் கரகரன்னு இருக்கும், சின்ன வயசு ரூயிக்கு அந்தக் குரல் ஒட்டலன்னு நிறைய பேர் குறை சொன்னாங்க, எனக்கும் முதல் பத்து எபிசோடு அப்படித்தான் இருந்துச்சு, ஆனா இந்த சீனுக்கு அந்தக் குரல்தான் வேணும், வேற எந்தக் குரலும் ஆகாது. தன் முடிய தானே பிடிச்சு அறுக்கறா. அவ்வளவுதான். நான் போனை கவுத்து வச்சிட்டு எந்திரிச்சுப் போய் தண்ணி குடிச்சிட்டு வந்தேன்.

முடிதானே, அதுல என்னன்னு தோணும். அந்த ராஜ குடும்பம் மஞ்சு இனம், மஞ்சு பொம்பளைங்க முடிய வெட்டுறது புருஷன் செத்தா, இல்ல மாமியார் மாமனார் செத்தா. புருஷன் சியான்லோங் உயிரோட எதிர்ல நிக்கறான், மாமியார் ராஜமாதாவும் அதே பயணத்துல கூட வந்திருக்காங்க. நம்ம ஊர்ல புருஷன் முன்னாடி நிக்கும்போதே தாலிய அறுத்து அவன் கால்ல வீசினா எப்படி இருக்கும், அது. அதுவும் அவன் நாட்டுக்கே ராஜா.

இது டிராமாக்காரங்க கற்பனை இல்லங்க. நிஜமா நடந்தது, 1765ல. ரூயிங்கற பேரும், பழைய மகாராணிக்கு அவ கூடப்பொறந்தவன் பொண்ணுங்கற கதையும் இட்டுக்கட்டினது, ஆனா நாரா வம்சத்துல பொறந்து, சியான்லோங் இளவரசனா இருந்தப்பவே அவனுக்குக் குடுக்கப்பட்டு, 1750ல பட்டத்து ராணியா ஆன ஒரு பொம்பளை இருந்தா, அவளை நாரான்னே சொல்றேன். நான் டிராமா முடிச்சிட்டு அவளைப் பத்தித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், அதுலதான் தூக்கம் போச்சு.

முதல்ல ஒண்ணு சொல்லணும். அந்த சாம்ராஜ்யத்துல முடிங்கறது யாரோட சொந்த விஷயமும் இல்ல. மஞ்சுக்காரங்க சீனாவைப் பிடிச்சதும் 1645ல போட்ட உத்தரவே ஆம்பளைங்க எல்லாரும் முன்மண்டைய சிரைச்சு பின்னாடி சடை போடணும்னுதான், மாட்டேன்னா தலை போகும். தலைல எவ்வளவு முடி இருக்கணும், எப்ப சிரைக்கணும்னு சொல்றதே அரசாங்கம்.

இப்ப 1748க்கு வாங்க. சியான்லோங்கோட முதல் ராணி ஃபூச்சா. இவளை அவன் நிஜமாவே நேசிச்சான், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. முத்தும் வைரமும் வைக்காம சாதாரணமா செஞ்ச பூவை தலைல வச்சுக்கிட்டவ, முன்னோருங்க தங்கச் சரிகை இல்லாம மான் வால் முடிலயே பை தைச்சாங்கன்னு அவன் ஒரு தடவை சொன்னதைக் கேட்டு அதே மாதிரி ஒரு சின்னப் பை தைச்சுக் குடுத்தவ. ரெண்டு ஆம்பளைப் பிள்ளைங்களையும் பறிகுடுத்துட்டு, ரெண்டாவது பையன் போன சில மாசத்துலயே அவனோட கிழக்குப் பயணம் போனவ தேஜோங்கற ஊர்கிட்ட செத்துப் போறா. அவளுக்காக அவன் எழுதின கவிதைங்க நூத்துக்கும் மேல. அவ இருந்த சாங்சுன் மாளிகைய அவ விட்டுட்டுப் போன மாதிரியே நாற்பது வருஷத்துக்கும் மேல வச்சிருந்தான். படிக்கும்போது எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

ஆனா அதே துக்கம் வெளிய என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. துக்கம் நூறு நாள், யாரும் தலை சிரைக்கக் கூடாது. சிரைச்ச அதிகாரிங்க மாட்டிக்கிட்டாங்க, பதவி போச்சு, மேல்மட்டத்துல இருந்த சிலருக்கு தற்கொலை பண்ணிக்கன்னு உத்தரவே வந்துச்சு. வேற ராணிங்களுக்குப் பொறந்த மூத்த பையனும் மூணாவது பையனும் சரியா அழலன்னு திட்டி, உங்களுக்கு சிம்மாசனம் கிடையவே கிடையாதுன்னு சொல்லிட்டான். மூத்தவன் ரெண்டு வருஷத்துல செத்தும் போயிட்டான். ஒருத்தன் பொண்டாட்டி செத்ததுக்கு அழறான், அந்த அழுகைக்கு ஊர்ல நாலு உயிர் போகுது. ராஜாவோட காதல்னா அது இதுதான். வீட்டுக்குள்ள இருக்கற வரைக்கும் பாசம், வாசல் தாண்டினா ஆணை.

நான் சொல்ல வர்றது இந்த ஒரே விஷயம்தான். காதல் ஒரு பக்கம் அரசியல் ஒரு பக்கம்னு இந்தக் கதைய ரெண்டா பிரிச்சுப் பார்க்கவே முடியாது, அந்த அரண்மனைல அன்பே சம்பளம், அன்பே பதவி. பட்டத்து ராணிக்கு வருஷத்துக்கு 1000 தேல் வெள்ளி (தேல்ங்கறது சீனாவோட பழைய எடை அளவு), அடுத்தவளுக்கு 800, அப்படியே படிப்படியா இறங்கி கடைசிப் படில இருக்கறவளுக்கு 30. துணி, கரி, மெழுகுவர்த்தி, வேலைக்காரங்க, எல்லாமே அந்தப் படி பார்த்துத்தான். அவன் ஒரு ராத்திரி யாரைக் கூப்பிடறான்ங்கறதுல ஒரு குடும்பத்தோட தலையெழுத்து இருக்கு. ஃபூச்சாவோட தம்பி ஃபூஹெங் அரசவைல முதல் ஆளா உக்காந்தான், இன்னொரு ராணியோட அப்பா காவோ பின் ஆத்துக் கரை வேலைங்களைப் பாக்கற பெரிய அதிகாரி. இந்த நிலைமைல ஒருத்தி "நீ என்னை நேசிக்கறியா"ன்னு புருஷன்கிட்ட கேட்டா, அந்தக் கேள்வியே அரசியல் ஆயிடுது. ரூயி செஞ்ச ஒரே தப்பு அவ அந்தக் கேள்விய நிஜமாவே கேட்டதுதான். மத்தவங்க பதவி கேட்டாங்க, பிள்ளைக்கு சிம்மாசனம் கேட்டாங்க, அதெல்லாம் அவனுக்குப் புரிஞ்சுது, குடுத்தான், சில நேரம் குடுக்கல. இவ புருஷனைக் கேட்டா. அது அவன்கிட்டயே இல்ல.

நாரா ராணியானதுக்கு அடுத்த வருஷம், ஃபூச்சாவோட நினைவு நாளுக்கு சியான்லோங் ஒரு கவிதை எழுதறான். புது வீணை ஒண்ணும் மட்டம் இல்ல, ஆனாலும் கைக்குப் பழகின பழைய வாளுக்கு ஈடாகலங்கற மாதிரி வரும். அந்தப் புது வீணை அப்ப பட்டத்து ராணியா உக்காந்திருக்கா, கவிதை அவ காதுக்கும் போகும்தானே. அந்த வரிய நான் பஸ்ல போகும்போது படிச்சேன், இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டேன்.

அப்புறம் 1765. அரண்மனைல ராஜாவோட சாப்பாட்டுக்கு தனியா பதிவேடு வச்சிருப்பாங்க, என்ன வச்சாங்க, அவன் தன் மேஜைலேர்ந்து யார் யாருக்கு எடுத்துக் குடுத்தான்னு. ஹாங்ஜோல அன்னைக்குக் காலைச் சாப்பாட்டுல ராணிக்குப் பதார்த்தம் போயிருக்கு. சாயங்காலச் சாப்பாட்டுல மத்த ராணிங்க பேர் இருக்கு, அவ பேர் இல்ல. அதுக்கப்புறம் இல்லவே இல்ல. காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவுல என்ன பேசிக்கிட்டாங்கன்னு எந்த ஏட்டுலயும் கிடையாது. அவளைத் தண்ணி வழியா பெய்ஜிங்குக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க, கூட்டிட்டுப் போனவன் ஃபூஹெங்கோட பையன், அதாவது முதல் ராணியோட தம்பி மகன்.

அதுக்கப்புறம் அழிக்கறது ஆரம்பிக்குது. அவளுக்குப் படிப்படியா குடுத்த பட்டயம் நாலையும் திருப்பி வாங்கிட்டான். வேலைக்காரிங்க ரெண்டே பேர். அடுத்த வருஷம், 1766ல அவ சாகும்போது அவன் முலான் காட்டு வேட்டைப் பயணத்துல இருக்கான், வேட்டைய விட்டு வரல, மகன் யோங்ஜிய மட்டும் அனுப்பறான். ராணிக்கான சடங்கு கிடையாது. தனி சமாதி கூட கிடையாது, ஏற்கனவே செத்துப் போன இன்னொரு ராணியோட சமாதிய தொறந்து, நடுவுல அவங்க பெட்டி இருக்க, இவ பெட்டிய ஓரமா வச்சு மூடிட்டாங்க. இத்தாலிக்காரர் காஸ்டிலியோனேவும் மத்த ஓவியருங்களும் வரைஞ்ச சியான்லோங், அவன் ராணிங்க முகமெல்லாம் வரிசையா இருக்கற ஒரு சுருள் இப்ப அமெரிக்காவுல கிளீவ்லாண்ட் மியூசியத்துல இருக்கு, நான் அதை இன்டர்நெட்ல பெருசு பண்ணி ஒவ்வொரு முகமா பார்த்தேன். பன்னெண்டு பொம்பளைங்க. அவ இல்ல.

ஊருக்கு சொன்ன காரணம் என்ன தெரியுமா, அவ பைத்தியம் பிடிச்ச மாதிரி நடந்துக்கிட்டா, மாமியார்கிட்ட மரியாதை இல்ல. எவ்வளவு பழகின வார்த்தை பாருங்க. துக்கத்துக்கான முறைய ஒழுங்கா செய்யணும்னு சொன்ன ஒரு அதிகாரிய இலிங்கற எல்லைப் பகுதிக்கு நாடு கடத்திட்டான். முடி வெட்டின விஷயம் அவன் வாயிலேர்ந்து வந்ததே 1778ல, ஜின் சோங்ஷான்னு ஒரு படிச்ச மனுஷன் வழில மறிச்சு மனு குடுத்தப்ப. அந்த ராணி விஷயத்துல தப்பை ஒத்துக்கங்கன்னு கேட்டிருக்கார். அவ தானே முடிய வெட்டிக்கிட்டா, அது நம்ம குலத்துக்கு ஆகவே ஆகாதது, நான் உயிரோட விட்டதே பெருசுங்கற மாதிரி பதில் சொல்லி, அந்த மனுஷனைக் கொன்னுட்டான். அவ செத்து பன்னெண்டு வருஷம் ஆகியும் அந்த ஒரு கொத்து முடி அவனை விடல. அவளுக்கப்புறம் சாகற வரைக்கும் வேற யாரையும் பட்டத்து ராணி ஆக்கவும் இல்ல.

இப்ப ஸ்டோரி ஆஃப் யான்ஷி பேலஸ் பார்த்தவங்களுக்கு ஒரு வார்த்தை. 2018 ஜூலைல அது வந்துச்சு, ஆகஸ்ட்ல ரூயி. ஒரே ராஜா, ஒரே அந்தப்புரம். யான்ஷில சியான்லோங்கோட இன்னொரு ராணி லிங், வே யிங்லுவோங்கற பேர்ல, அவதான் ஹீரோயின், நாரா வில்லி. ரூயில நாரா ஹீரோயின், அதே லிங் ராணி வே யான்வான்ங்கற பேர்ல பார்க்கவே பயமா இருக்கற வில்லி. யான்ஷி வேகமா போகும், பழி வாங்கற சந்தோஷம் இருக்கும், எனக்கும் பிடிச்சுது, நாராவா நடிச்ச ஷார்மெய்ன் ஷே நல்லவளா ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா கருகிப் போறதை அவ்வளவு நல்லா பண்ணியிருப்பாங்க. ஆனா யோசிங்க, நாராங்கற ஒரே பொம்பளைய ஒரு மாச இடைவெளில தெய்வமாவும் பேயாவும் காட்ட எப்படி முடிஞ்சுது? அவளைப் பத்தி எதுவும் மிச்சம் வைக்காம ஒருத்தன் துடைச்சு வச்சிருக்கான், அதனால முடிஞ்சுது. எழுதறவங்க கைக்கு வெத்துப் பலகைதான் கிடைச்சுது. ரெண்டு டிராமாவும் சேர்ந்து ஒத்துப்போற இடம் ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டுலயும் அவ முடிய வெட்டுவா. அவ வாழ்க்கைல அவளா செஞ்சதுன்னு நமக்கு உறுதியா தெரிஞ்சது அது மட்டும்தான், அதை மட்டும் யாராலயும் மாத்த முடியல.

அதனாலதான் பொம்பளைங்க அடிச்சுக்கற கதைன்னு யாராவது சொன்னா எனக்கு வலிக்குது. லிங் ராணியும் நாராவும் நிஜத்துல ஒருத்தர ஒருத்தர் வெறுத்தாங்கன்னு எங்கயும் இல்ல. லிங் கீழ்க்குடும்பத்துலேர்ந்து வந்தவ, ஆறு பிள்ளை பெத்தவ, நாரா விழுந்த அதே 1765ல அடுத்த படிக்கு உயர்ந்தா, பட்டத்து ராணிங்கற பேர் கூட அவ செத்து இருபது வருஷம் கழிச்சுத்தான் குடுத்தாங்க. அவளும் அதே மதிலுக்குள்ளதான் கிடந்தா.

நாராவோட மகன் யோங்ஜி இருக்கானே, அம்மா போகும்போது பதினாலு வயசுப் பையன். மத்த இளவரசருங்களுக்கெல்லாம் பட்டம் வந்துச்சு, இவனுக்கு ஒண்ணும் கிடையாது, இருபத்தஞ்சு வயசுக்குள்ள செத்தும் போயிட்டான், அப்பவும் அப்பன் ஒண்ணும் குடுக்கல. 1799ல சியான்லோங் சாகறான். அதே வருஷம் செத்துப் போன யோங்ஜிக்கு ஒரு இளவரசர் பட்டம் வருது. குடுத்தது புது ராஜா ஜியாசிங். லிங் ராணியோட மகன்.