நாகைக் காரோணத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்

தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயில் பற்றிய கட்டுரையை மியான்மரின் யாங்கோனில் இருந்து படித்தேன். முன்பகுதியைக் கடல் கொண்டுபோனதைப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. அங்கே போகிறவர்கள் அப்படியே தெற்கே இறங்கி, காரோணம் என்கிற நாகப்பட்டினம் காயாரோகணேசுவரர் கோயிலையும் பார்க்க வேண்டும். சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய நாட்டின் அரசருக்காக அவருடைய ஆட்கள் அந்தக் கோயிலுக்கு வெள்ளித் திருமேனியும் நகைகளும் சீனப் பொன்னும் கொடுத்ததை ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கடல் தாண்டி வாழும் எங்களுக்கு அது ரொம்ப நெருக்கமான செய்தி. இங்கே மியான்மரின் பழைய தலைநகரான பகானிலும் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. நானாதேசி வணிகர்களின் பெயரில் அமைந்த விண்ணகரத்துக்கு, அதாவது பெருமாள் கோயிலுக்கு, மலைமண்டலத்துக்காரர் (இன்றைய கேரளப் பகுதி) ஒருவர் மண்டபம் கட்டி, கதவும் நிலைவிளக்கும் கொடுத்திருக்கிறார்! அப்புறம், நாகைக் கோயிலில் மதியம் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே போங்கள், நீலாயதாட்சி அம்மன் சந்நிதியில் நிதானமாக நின்று கும்பிடலாம்.