லித்தியம் பாட்டரியை வற்றவிடாதீர்கள்

"ரிமோட்டில் ஓடும் மாடல் படகைத் தானாக நிற்கும்வரை ஓட்டி, பாட்டரியை முழுக்கக் காலியாக்கிவிட்டுப் பழைய நிக்கல் பாட்டரி சார்ஜரிலேயே போடலாம்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

காலியாக்கும் வழக்கம் பழைய நிக்கல் காட்மியம் பாட்டரிகளின் காலத்துக்கு உரியது. லித்தியம் பாலிமர் பாட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உள்ளே கெட்டுப்போகும், 3.5 வோல்ட்டிலேயே படகைக் கரைக்குத் திருப்பிவிடுங்கள். சார்ஜர் விஷயம் இதைவிட ஆபத்தானது. நிக்கல் பாட்டரி நிறைந்ததும் அதன் வோல்ட்டேஜ் சற்றே சரியும். அந்தச் சரிவைக் கண்டுதான் பழைய சார்ஜர் நிற்கும். லித்தியத்தில் அந்தச் சரிவை நம்பவே முடியாது. செல் 4.2 வோல்ட்டைத் தாண்டியும் மின்சாரம் ஏறிக்கொண்டே போனால் பாட்டரி உப்பும், தீப்பிடிக்கவும் செய்யும். லித்தியத்துக்கென்றே உள்ள, எல்லாச் செல்லையும் ஒரே அளவில் நிரப்பும் பேலன்ஸ் சார்ஜர்தான் வேண்டும். 5000 மில்லி ஆம்பியர் மணி பாட்டரிக்கு 5 ஆம்பியரில் சார்ஜ் செய்தால் போதும்.

நம் தென்னாப்பிரிக்க டர்பனில் இன்னொரு பழக்கமும் உண்டு. மின்வெட்டு முடிந்து இரவில் மின்சாரம் வரட்டும் என்று சார்ஜரில் மாட்டிவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். ஜனவரி கோடை வெயிலில் காருக்குள்ளும் விட்டுவைக்காதீர்கள். அடுத்த வாரம்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். உப்பிய பாட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது.