இப்போதைக்கு யாரும் வேண்டாம்

நேற்று இரவு தோழி ஒருத்தி போனில் அழுதுகொண்டே கேட்டாள். அவளுக்கு விபத்து நடந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எப்போதோ பிரிந்துபோன முதல் காதலன், விஷயம் தெரிந்து திரும்பி வந்திருக்கிறான். மருத்துவமனையில் ராத்திரி பகலாகக் கூடவே இருந்த நண்பனும் தன் மனசைச் சொல்லிவிட்டான். "நான் யாருக்குச் சரி சொல்லட்டும்?"

இப்போதைக்கு யாருக்கும் வேண்டாம் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நானும் அதே இடத்தில் நின்றவள் என்பதால்தான் அப்படிச் சொன்னேன்.

எனக்கு அடிபட்டபோது மனசு முதலில் தேடியது முதல் காதலனைத்தான். அவனுக்குத் தெரிந்தவள், கார் மோதுவதற்கு முந்தைய நான். அவனோடு பேசினால் அந்த நாளே நடக்காத மாதிரி இருக்கும். காதல்தான் திரும்பிவிட்டது என்று நம்பினேன். நண்பனைப் பார்த்தாலோ ஆஸ்பத்திரி வாசம்தான் வந்தது. பாவம், என்னை அந்தக் கோலத்தில் பார்த்ததைத் தவிர அவன் என்ன செய்தான்?

1974-இல் டட்டன், ஆரோன் என்ற உளவியலாளர்கள் கனடாவில் ஓர் ஆய்வு செய்தார்கள். உயரத்தில் ஆடுகிற தொங்குபாலத்தில் வந்த ஆண்களிடம் ஒரு பெண் பேசிவிட்டுத் தன் போன் நம்பரைக் கொடுத்தாள். தாழ்வான, அசையாத பாலத்தில் அவளைச் சந்தித்தவர்களைவிட இவர்களில்தான் அதிகம் பேர் பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். பயத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சை ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது அந்த இருவரின் விளக்கம். ஒரு பாலத்தைக் கடக்கிற நேரத்துக்கே இப்படி. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டவள் தன் நெஞ்சை எப்படி நம்புவாள்?

ஒருநாள் காற்றில் கதவு படாரென்று அடித்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். "இன்னுமா இதுக்கெல்லாம் பயப்படுற? மறந்துடு" என்றான் முதல் காதலன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பழைய என்னைத்தான் அவன் கேட்டான், அவள் என்னிடமே இல்லை. நண்பனும் ஒருமுறை நான் அப்படி நடுங்கியதைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. பழைய நோட்டு அட்டையைக் கிழித்து நான்காக மடித்துக் கதவிடுக்கில் செருகினான். இரண்டு தடவை சாத்திப் பார்த்தான். சத்தம் வரவில்லை. அப்புறம் வந்து உட்கார்ந்து, விட்ட பேச்சைத் தொடர்ந்தான்.

அப்படியானால் நண்பன்தான் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். சுற்றி இருந்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். "இவ்வளவு செஞ்சவனுக்கு நீ என்ன செய்யப்போற?" அந்தக் கேள்வியில் எனக்கு மூச்சு முட்டியது. ராத்திரி கண் விழித்ததற்குக் கூலியாக ஒருத்தியின் ஆயுளைக் கேட்பது என்ன நியாயம்? அவனே கேட்காத கூலி அது. "கடன் தீர்க்கவெல்லாம் என்கிட்ட வராதே" என்றுதான் சொன்னான்.

முதல் காதலனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நண்பனிடம் எந்தப் பேச்சும் இப்போது எடுக்காதே என்றேன். மனநல ஆலோசகரிடம் போக ஆரம்பித்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகத் தூங்கப் பழகினேன். அதற்கும் வெகுநாள் கழித்து ஒரு சாயங்காலம், நண்பன் கிளம்ப எழுந்தபோது இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் என்ன என்று தோன்றியது. அன்றைக்கு எனக்குத் துணை எதுவும் தேவைப்படவில்லை. அதனால்தான் அந்த ஆசையை நம்பினேன்.

என் தோழிக்கு அது முதல் காதலனாகவே இருக்கலாம், எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் பதில் சொல்வதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அவள் மனநல மருத்துவரைப் பார்க்கட்டும். நாளைக்கே நேரம் கேட்டு வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நானும் கூடப் போகிறேன்.