கிளைபர் ஏன் அவ்வளவு குறைவாக நடத்தினார்?

மேற்கத்திய இசையின் பெரிய கண்டக்டர் கார்லோஸ் கிளைபரைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டு கதைகள் வந்துவிடும். வீட்டு ஃப்ரிட்ஜ் காலியானால்தான் கிளைபர் மேடை ஏறுவார் என்று இன்னொரு பெரிய கண்டக்டரான காராயன் கிண்டலடித்தாராம். அப்புறம், 1996இல் ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட்டில் ஒரு கச்சேரிக்குச் சம்பளமாக ஆடி கார் வாங்கிக்கொண்டார். இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு கோஷ்டி அவரைச் சோம்பேறி என்கிறது. இன்னொரு கோஷ்டி, புகழை உதறிய ஞானி என்று கும்பிடுகிறது. எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. அந்த மனிதருக்குப் பயம். அப்பாவை நினைத்துப் பயம்.

(கண்டக்டர் என்றாலே நமக்கு டிக்கெட் கிழிப்பவர் ஞாபகம்தான் வரும். நான் சொல்வது குச்சியோடு ஆர்கெஸ்ட்ரா முன்னால் நிற்பவரை.)

அப்பா எரிக் கிளைபர் லேசுப்பட்ட ஆள் இல்லை. பெர்லின் அரசு ஓபராவை நடத்தியவர். ஆல்பன் பெர்கின் ‘வோட்செக்’ ஓபரா 1925இல் முதன்முதலாக மேடையேறியது அவர் கையில்தான். எந்த இசையை வாசிக்கலாம், எதை வாசிக்கக் கூடாது என்று நாஜிகள் கட்டளை போட ஆரம்பித்ததும் 1934இல் வேலையை விட்டார், அப்புறம் நாட்டையே விட்டார். பெர்லினில் பிறந்த கார்ல், தென் அமெரிக்காவில் கார்லோஸ் ஆனது இப்படித்தான். பையன் இசைக்கு வருவதில் அப்பாவுக்கு இஷ்டமில்லை. சூரிச்சுக்குக் கெமிஸ்ட்ரி படிக்க அனுப்பினார். அது ஒத்துவரவில்லை. பாட்ஸ்டாமில் முதன்முதலாக ஓர் ஆபரெட்டாவை, அதாவது லேசான ஓபராவை, நடத்தியபோது பையன் போட்டுக்கொண்ட பெயர் கார்ல் கெல்லர். கிளைபர் என்ற பெயரோடு மேடை ஏறத் தைரியம் இல்லை என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

டுஸெல்டார்ஃப், சூரிச், ஸ்டுட்கார்ட் என்று ஓபரா அரங்குகளில் வருஷக்கணக்கில் மாடாய் உழைத்தவர் அவர். சோம்பேறி என்பவர்களுக்கு இது தெரிவதில்லை. பெயர் பெரிதாக ஆக ஆகத்தான் அவர் நடத்தும் படைப்புகளின் பட்டியல் சுருங்கியது. அவர் பெயர் வாங்கிய படைப்புகளைப் பாருங்கள்: ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘டெர் ரோசன்கவலியர்’ ஓபரா, பீத்தோவனின் ஐந்தாவது, ஏழாவது சிம்பொனிகள். எல்லாம் அப்பா நடத்தி, ரெக்கார்டும் போட்டவை. காராயன் 1989இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை விட்டு விலகியபோது அந்த நாற்காலிக்கு இவர் பெயர் பலமாக அடிபட்டது. வேண்டாம் என்றுவிட்டார்.

பக்தர்கள் மெச்சும் கோபக்கதை ஒன்று உண்டு. 1982, வியன்னா. பீத்தோவனின் நான்காவது சிம்பொனிக்கு ஒத்திகை. இரண்டாம் பகுதி தொடக்கத்தில் வயலின்கள் வாசிக்கும் தாளத்தை ‘தெரேஸ், தெரேஸ்’ என்று சொல்லிக்கொண்டே வாசியுங்கள் என்றார். அவர் காதில் விழுந்ததோ ‘மரீ, மரீ’. எழுந்து போனவர் திரும்பவில்லை. அந்தத் தாளத்தைப் பற்றி அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் டிக்கெட் வாங்கிக் காத்திருந்தவன் என்ன பாவம் செய்தான்? மேதை செய்தால் நாம் இதை லட்சியம் என்கிறோம். நம் ஊர் சபாவில் ஒரு மிருதங்கக்காரர் இப்படி எழுந்து போனால் என்ன சொல்வோம்?

இவ்வளவு திட்டிவிட்டு, ராத்திரி ஆனால் நான் போட்டுப் பார்ப்பதும் இந்த ஆளைத்தான். ஆம்ஸ்டர்டாமில் 1983இல் கான்செர்ட்கெபோ ஆர்கெஸ்ட்ராவோடு நடத்திய பீத்தோவன் வீடியோ இருக்கிறது. போலீஸ்காரர் மாதிரி ஒன்று, இரண்டு என்று கை காட்டும் வேலையே இல்லை. இடது கையைப் பின்னால் இருக்கும் கம்பியில் சாவகாசமாகப் போட்டுக்கொள்கிறார். சில இடங்களில் தாளம் போடுவதையே விட்டுவிட்டு, இசை தானாக ஓடுவதைப் பார்த்துச் சிரிக்கிறார். முதல் வயலின்கள் இடப்பக்கம், இரண்டாம் வயலின்கள் வலப்பக்கம். ஒரு பக்கம் கேட்ட கேள்விக்கு மறுபக்கம் பதில் சொல்வது போல் இருக்கும். பயந்த மனிதர் என்று சத்தியம் செய்தாலும் அந்த முகத்தைப் பார்த்து யாரும் நம்ப மாட்டார்கள்.

ஏழாவது சிம்பொனியின் இரண்டாம் பகுதி முடியும் இடத்தை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் நடத்தும்போது கடைசியில் வயலின்கள் வில்லை எடுத்து இழுத்து முடிக்கும். கிளைபர் வில்லை எடுக்க விடுவதில்லை. விரலால் தந்தியைச் சுண்டியபடியே முடிந்துவிடுகிறது, பாதி வாக்கியத்தில் ஒருவர் எழுந்து போனது மாதிரி. என்ன துணிச்சல் என்று பல வருஷம் வியந்துகொண்டிருந்தேன். அப்புறம் எரிக் கிளைபரின் பழைய ரெக்கார்டைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அங்கேயும் வயலின்கள் வில்லை எடுக்கவில்லை.