குலக்குறிக் கம்பம் வழிபடும் சிலை அல்ல
ஹைடா மக்கள் கனடாவின் மேற்குக் கரைத் தீவுகளின் பூர்வகுடிகள். உருவங்கள் செதுக்கி அவர்கள் நடும் உயரமான மரங்களான குலக்குறிக் கம்பங்களை அவர்கள் தெய்வமாக வணங்கினார்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அது சரியில்லை. 19ஆம் நூற்றாண்டில் அங்கே போன பாதிரிமார்கள் பலர் அப்படித்தான் தப்பாக நினைத்தார்கள். கம்பத்தில் இருக்கும் திமிங்கிலம், கரடி எல்லாம் அந்தந்தக் குடும்பத்தின் சின்னங்கள். ஹைடாக்கள் காகம், கழுகு என்று இரண்டு பெரும் பிரிவு. பிள்ளை அம்மாவின் பிரிவில்தான் சேரும், சின்னமும் அந்த வழியிலேயே வரும். உரிமை இல்லாத சின்னத்தை யாரும் எடுத்துச் செதுக்கிவிட முடியாது. கம்பம் நடும்போது பாட்லாட்ச் என்ற பெருவிருந்து வைத்து, வந்தவர்களுக்குப் பரிசு கொடுப்பார்கள். வாங்கியவர்கள் அந்த உரிமைக்குச் சாட்சி. கனடா அரசு அந்த விருந்தையே 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்தது என்றால் அந்த உரிமையின் சாட்சி மேலேயே கை வைத்தார்கள் என்று பாருங்கள். வான்கூவர் அருங்காட்சியகத்தில் பழைய கம்பங்களின் கீழே நின்றபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. அப்புறம், அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் கம்பம் செதுக்கும் இந்தக் கலை அழிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். இல்லை. 1969இல் ஹைடாக்களின் மாசெட் ஊரில் ராபர்ட் டேவிட்சன் என்ற ஹைடா இளைஞர் செதுக்கிய கம்பத்தை ஊரே கூடி நட்டது. பழைய பாடல்களை முதியவர்கள் நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். 2013இல் ஹைடா தீவுகளின் தெற்கே இருக்கும் குவாய் ஹானாஸ் காப்பகத்தில் இன்னொரு கம்பம் எழுந்தது.