முக்திநாத் பயணம்: சோனௌலி எல்லையில் பாஸ்போர்ட் முத்திரை

கிருஷ்ணகிரியிலிருந்து நேபாளத்தில் உள்ள முக்திநாத் கோயிலுக்குக் கிளம்புகிறவர்களுக்கு, இந்திய-நேபாள எல்லையான சோனௌலியில் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்காவிட்டால் திரும்பும்போது அபராதம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் இந்தியக் குடிமக்களுக்கு அது பொருந்தாது. 1950 இந்திய-நேபாள நட்புறவு ஒப்பந்தத்தின் வழியில் நமக்கு நேபாளத்துக்கு விசா தேவையில்லை. சாலை வழியாகப் போனால் முத்திரையும் தேவையில்லை. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் வாக்காளர் அட்டை கொண்டுபோனால் போதும்.

போன வருடம் காவேரிப்பட்டணத்திலிருந்து பஸ்ஸில் போனோம். எல்லை வளைவைக் கடக்கும்போது அட்டையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அத்தையின் பாஸ்போர்ட்டில் இன்றும் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. குழப்பம் எங்கே வருகிறது என்றால், பஸ்ஸுக்கு நேபாள சுங்கத்தில் 'பன்சார்' என்ற வாகன அனுமதிச் சீட்டு போடவேண்டும், அதற்கு நேரமாகும். அப்புறம், எங்களோடு வந்த அமெரிக்கக் குடியுரிமை உறவினர் விசா எடுத்து முத்திரையும் வாங்கினார். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் அது கட்டாயம்.

சந்தேகம் இருந்தால் காத்மாண்டு இந்தியத் தூதரகத்தின் இணையதளத்தில் இந்தியப் பயணிகளுக்கான பகுதியைப் பாருங்கள். இல்லை, பஸ்ஸில் போய்வந்த யாரிடமாவது பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். பாஸ்போர்ட் இல்லையே என்று ஊரில் பெரியவர்கள் யாரும் பயணத்தைக் கைவிட வேண்டாம்.