ஒரே நாளில் முடியவில்லை அண்ணை
'கொழும்பு வெலிக்கடைச் சிறையில் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது, சாட்சி சொல்ல ஒருத்தரும் மிஞ்சவில்லை' என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் பிழை அண்ணை. 1983 ஜூலை 25இல் சிங்களக் கைதிகள் 35 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். ஒரு நாள் விட்டு, 27இல் திரும்பவும் வந்து 18 பேரைக் கொன்றார்கள். (இடையில் ஒரு நாள் இருந்தும் காவலை இறுக்கவில்லை, அதைத்தான் கேட்க வேண்டும்.) எங்கள் வவுனியாவில் காந்தீயம் என்ற அகதிகள் மறுவாழ்வு அமைப்பை நடத்திய டாக்டர் ராஜசுந்தரம் அந்த 27ஆம் திகதிதான் கொல்லப்பட்டார். ஏன் எங்களைக் கொல்கிறீர்கள் என்று கதவடியில் நின்று கேட்டவரை வெளியே இழுத்து இரும்புக் கம்பியால் அடித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கதிரை மேசைகளை உடைத்து, அந்தக் கால்களாலேயே தடுத்து நின்று தப்பினார்கள். இதைச் சொன்னவர் அங்கேயே இருந்து தப்பிய காந்தீயத் தலைவர் டேவிட் ஐயா. சாட்சி இல்லையென்று எப்படிச் சொல்வது? அவர் காலமானதே 2015இல், கிளிநொச்சியில்.